உங்களுக்குத் தெரியுமா? கொல்லைப்புறச் செடியில் கொலைகாரப் புரதம்!

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கி வருகிறீர்களே, கண்ணுக்கு இரண்டு குன்றிமணி பதித்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அந்தச் சிவப்பு மணிக்குள் இருப்பது, செடிகள் தயாரிக்கும் மிகக் கொடிய புரதங்களில் ஒன்று!

அதன் பெயர் அப்ரின். ரிசினைவிடவும் பொல்லாதது! ரிசின் யார் என்கிறீர்களா? அவர் நம்ம விளக்கெண்ணெய் வீட்டுப் பிள்ளை. இருங்கள், அவரிடமும் வருகிறேன்!

தட்டார்கள் அந்தக் காலத்தில் தங்கம் நிறுத்த எடைக்கல் எது? இதே குன்றிமணிதான்! ஒரு மணி சுமார் 0.12 கிராம். 'குண்டுமணி தங்கம்கூட இல்லை' என்று புலம்புகிறோமே, அந்தக் குண்டுமணிக்குள்ளேயே இவ்வளவு சமாசாரம்!

பல்லாங்குழி ஆடும்போது குழந்தை ஒரு மணியை முழுசாக விழுங்கிவிட்டால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஓடு அவ்வளவு கெட்டி! கடித்தாலோ, ஊசியால் துளைபோட்ட மணியாக இருந்தாலோதான் வம்பு. எதற்கும் விழுங்கியது தெரிந்தால் நேராக ஆஸ்பத்திரிதான்!

2011இல் இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் தோட்டத்துக் கடையில் விற்ற கைச்சங்கிலிகளை அவசர அவசரமாகத் திரும்பக் கேட்டார்கள். ஏன்? கோத்திருந்தது குன்றிமணி!

இதையே கண்ணில் விட்ட டாக்டரும் உண்டு! 1882இல் பாரிஸ் கண் மருத்துவர் லூயி டி வெக்கர், ட்ரக்கோமா என்ற கண் நோய்க்குக் குன்றிமணி ஊறிய தண்ணீரை மருந்தாகப் பிரபலப்படுத்தினார். கண் சிவந்து வீங்குவதுதான் வைத்தியமே!

குன்றிமணியின் விஷம் கிருமியா, வேறு ஏதாவதா என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை. தீர்த்து வைத்த ஊர் எது தெரியுமா? கல்கத்தா! 1884இல் வார்டன், வாடெல் என்ற இருவர் 'இது கிருமியே இல்லை, புரதம்' என்று காட்டிவிட்டார்கள்!

சரி, அப்ரினும் அதன் கூட்டாளி ரிசினும் உள்ளே போய் என்னதான் செய்கின்றன? இங்கேதான் எனக்கே மூச்சு முட்டியது!

உங்கள் உடம்பில் எந்தப் புரதம் உருவாக வேண்டுமானாலும் அதைச் செய்து கொடுக்கும் இயந்திரம் ரைபோசோம். ஒரே ஒரு செல்லுக்குள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. சுறுசுறுப்பான செல்லில் ஒரு கோடி வரைக்கும்!

எலியின் ரைபோசோமில் நீளமான ஓர் ஆர்.என்.ஏ. இழை இருக்கிறது. அதில் 4,700க்கும் அதிகமான எழுத்துகள். ரிசின் அவற்றில் எத்தனையை அழிக்கிறது தெரியுமா? ஒன்று! 4,324ஆவது இடத்தில் இருக்கும் அடினைன். அந்த ஒன்றே ஒன்று!

இழையை வெட்டுவதுகூடக் கிடையாது. எழுத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுகிறது. தேர் முழுசாக நிற்கிறது, அச்சாணியைத்தான் காணோம்!

ஒரே ஒரு ரிசின் மூலக்கூறு நிமிடத்துக்கு எத்தனை ரைபோசோம்களை முடக்கும்? 1,500க்கும் மேல்! செல்லுக்குச் சரிசெய்து கொள்ள அவகாசமே கிடையாது!

செல்லின் உள்ளே ஒரே ஒரு மூலக்கூறு நுழைந்துவிட்டால் அந்தச் செல்லைக் கொல்ல அது போதும் என்று 1980இல் நார்வே விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்று போதும், சார்!

'ஒரே எழுத்து' ரகசியத்தை உடைத்தவர் ஜப்பானின் யாயெட்டா எண்டோ. ஆண்டு 1987. ரிசின் கண்டுபிடிக்கப்பட்டது 1888. குற்றவாளி சிக்கிய பிறகு குற்றம் என்ன என்று கண்டுபிடிக்க 99 வருஷம்!

அந்த அடினைனைச் சுற்றியுள்ள 12 எழுத்துகள் பாக்டீரியாவில் எப்படியோ ஈஸ்டிலும் அப்படியே. ஈஸ்டில் எப்படியோ கத்தரிச் செடியிலும் அப்படியே. யானையிலும், உங்களிலும், என்னிலும் அதே வரிசை! கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை!

இதே இடத்தைக் குறிவைக்கும் பூஞ்சைப் புரதமும் ஒன்று உண்டு, சார்சின். அது அடினைனைத் தொடாது. அதற்கு அடுத்த எழுத்தைத் தாண்டினால், அங்கே இழையையே அறுத்துவிடும்! செடியும் பூஞ்சையும் தனித்தனியாகத் தேடி அக்கம்பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதனால்தான் அந்த இடத்துக்கே சார்சின்–ரிசின் வளையம் என்று பெயர்!

ரத்தபேதி பாக்டீரியாவின் ஷிகா நச்சு இருக்கிறதே, அதுவும் அதே அடினைனைத்தான் உருவுகிறது! 1988இல் தெரிய வந்தது. ஆமணக்குக்கும் ரத்தபேதிக்கும் ஒரே ஆயுதம்!

அந்த வளையத்துக்கு அப்படி என்ன முக்கியத்துவம்? அதைப் படம்பிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்தவர்! ஆமாம், ரைபோசோமுக்காக 2009இல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனேதான். 2010இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ரைபோசோமுக்குச் சரக்குக் கொண்டுவரும் புரதத்தை வேலை செய்யத் தூண்டுவதே இந்த வளையம்தான் என்று தெரிந்தது. தூண்டும் எழுத்து எங்கே இருக்கிறது? ரிசின் வகையறா உருவும் எழுத்துக்கு இரண்டே எழுத்து தள்ளி!

இப்போது நிஜமான கதாநாயகிக்கு வருவோம். அமெரிக்காவில் வேலி ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கும் ஒரு களைச்செடி. பெயர் போக்வீட். ஆள் உயரத்துக்கு வளரும். கறுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பழம்!

1925இல் செயின்ட் லூயிஸ் நகரத்தில் டக்கர், ஆம்ஸ்ட்ராங் என்ற இரண்டு பேர் புகையிலைத் தேமல் வைரஸோடு பல செடிகளின் சாற்றைக் கலந்து பார்த்தார்கள். போக்வீட் சாறு கலந்ததும் வைரஸ் தொற்றவே இல்லை!

அந்தத் தேமல் வைரஸ் எப்படி இருக்கும் என்று அப்போது உலகத்தில் ஒருவருமே பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்!

ரிசினைப் போலவே ரைபோசோமை முடக்கும் போக்வீட்டின் வைரஸ் எதிர்ப்புப் புரதம் 262 அமினோ அமிலம் கொண்ட சின்னப் பொடியன். ஆனால் இது அடக்கிய வைரஸ்களின் பட்டியலைக் கேளுங்கள்! வெள்ளரித் தேமல் வைரஸ், உருளைக்கிழங்கு வைரஸ்கள், இன்ஃப்ளூயன்ஸா, போலியோ, அக்கி வகை ஹெர்பிஸ், எச்.ஐ.வி. எல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான். ஆனாலும் ஒரு களைச்செடி!

சீசனுக்கு ஏற்பப் புரதம் மாற்றும் செடி இது! வசந்தகால இலையில் ஒரு ரகம். கோடைகால இலையில் இன்னொரு ரகம். விதையில் மூன்றாவது!

இதைவிட வேடிக்கை கேளுங்கள். இந்தப் புரதத்துக்குத் தன் வீடு, பிறர் வீடு என்ற பேதமே கிடையாது. போக்வீட்டின் சொந்த ரைபோசோமையே முடக்கும்! அப்புறம் செடி எப்படி உயிரோடு இருக்கிறது? செல்லுக்குள் வைத்துக்கொள்வதில்லை. செல்லின் சுவருக்குள் ஒதுக்கி வைத்திருக்கிறது. 1986இல் கண்டுபிடித்தார்கள்!

பூச்சி கடித்துச் சுவர் உடைந்து வைரஸ் உள்ளே போனால், கூடவே புரதமும் உள்ளே பாயும். ரைபோசோம் காலி. வைரஸுக்குப் பிள்ளை பெற இயந்திரம் இல்லை. அந்த ஒரு செல் தன்னையே பலி கொடுத்து செடியைக் காப்பாற்றுகிறது என்பதுதான் விஞ்ஞானிகளின் கணிப்பு. செல்லுக்குள் ஒரு தற்கொலைப் படை!

இவ்வளவு வீறாப்பு உள்ள போக்வீட்டுக்கே வைரஸ் நோய் வரும் என்றால் நம்புவீர்களா? வரும்! போக்வீட் தேமல் வைரஸ் என்று தனியாக ஒன்றே இருக்கிறது!

1993இல் அமெரிக்காவில் இந்தப் போக்வீட் மரபணுவை எடுத்துப் புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் வைத்தார்கள். ஒன்றல்ல, பல வகை வைரஸ்களை அந்தச் செடிகள் எதிர்த்து நின்றன! ஒரே மரபணு, பல எதிரிகள்!

1997இல் இன்னும் விசித்திரம். புரதத்தின் வால் பகுதியைக் கத்தரித்துவிட்டார்கள். ரைபோசோமை முடக்கும் சக்தி போய்விட்டது. வைரஸை எதிர்க்கும் சக்தி? அப்படியே இருந்தது! பழைய கணக்கை ஒரு கத்தரிப்பு கலைத்துப்போட்டது!

அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்த விஷச்செடியின் இளந்தளிரைக் கீரையாகச் சாப்பிடுவார்கள்! ஒருமுறை வேகவைத்து வடித்தால் ஆகாது. திரும்பத் திரும்பத் தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும். இதை டப்பாவில் அடைத்துக் கடையிலும் விற்றார்கள், 2000ஆம் ஆண்டு வரைக்கும்!

இந்தக் கீரையைப் பற்றி ஒரு ஹிட் பாட்டே உண்டு. டோனி ஜோ வைட் எழுதிப் பாடினார். எல்விஸ் பிரெஸ்லியும் மேடை மேடையாகப் பாடினார்! நம் முருங்கைக்கீரைக்கு இந்த யோகம் இன்னும் வரவில்லை!

பழச்சாற்றில் எழுதவும் செய்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதிய மை, போக்வீட் பழச்சாறு!

1925இல் பார்த்தோமே, அந்த டக்கர், அவரை விட்டுவிடாதீர்கள்! வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். மிசௌரி பல்கலைக்கழக வயலிலிருந்து வந்த ஒரு பிடி மண்ணில் 1945இல் புதிய கிருமி ஒன்றைப் பிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் ஆரியோமைசின், முதல் டெட்ராசைக்ளின் ஆன்டிபயாடிக்! அப்போது அவர் வயது 73!

அந்தக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவர் யார்? யெல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர்! இந்தச் சங்கதியைத் தோண்டி எடுத்ததற்கு எனக்கு நீங்கள் ஒரு காபி வாங்கித் தரலாம்!

போக்வீட்டைத் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். காம்பவுண்டுச் சுவரைப் பாருங்கள். காகிதப்பூ! அதன் இலையில் இருக்கிறது பூகானின் என்ற ரைபோசோம் முடக்கி. அதை எடுத்துப் புற்றுநோய் செல்லைத் தேடிப் போகும் ஆன்டிபாடியோடு ஒட்டி மருந்து செய்து பார்த்தார்கள்!

சாயங்காலம் பூக்கும் அந்திமந்தாரை தெரியும்தானே? வேரில் வைரஸ் எதிர்ப்புப் புரதம்! ஜப்பான்காரர்கள் அதைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கப் போனார்கள். அது பாக்டீரியாவின் ரைபோசோமையே முடக்கிவிட்டது!

ரிசினுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. ஈ. கோலை பாக்டீரியாவின் முழு ரைபோசோமை அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதே ரைபோசோமைப் பிரித்து ஆர்.என்.ஏ.வைத் தனியாகக் கொடுங்கள், உடனே எழுத்தை உருவும்!

இந்த வகைப் புரதங்கள் இன்னும் எத்தனை செடிகளில்! காட்டாமணக்கு விதையில் கர்சின். நேர்வாள விதையில் குரோட்டின். நுரைப்பீர்க்கு விதையில் லஃபின். கற்பூர மரத்து விதையில் சின்னமோமின். பூச்செண்டில் வரும் கார்னேஷன் இலையில் டையாந்தின். குப்பைக்கீரையில்கூட அமராந்தின்! செடியைக் கண்டால் பெயர் வைத்துவிடுகிறார்கள்!

ஸ்பினாச் கீரையிலும் இருக்கிறது. கோதுமையில் இருக்கிறது. பார்லியில் இருக்கிறது. நீங்கள் தின்றுகொண்டேதான் இருக்கிறீர்கள்! பயப்படாதீர்கள். இவை ஒற்றைச் சங்கிலி ரகம். செல்லின் கதவைத் திறக்கும் இரண்டாவது சங்கிலி இவற்றுக்குக் கிடையாது. உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும்!

ரிசினுக்கும் அப்ரினுக்கும் இரட்டைச் சங்கிலி. ஒன்று கதவைத் திறக்கும், இன்னொன்று உள்ளே போய் வேலையைக் காட்டும். கூட்டுக் களவாணிகள்!

கோதுமை விதையின் புரதம் கோதுமையின் ரைபோசோமைத் தொடாது! போக்வீட்டுக்கு இல்லாத குடும்பப் பாசம்!

மக்காச்சோளம் இன்னும் கெட்டிக்காரத்தனம். ஆயுதத்தைப் பூட்டியே வைத்திருக்கிறது. விதை முளைவிடும்போது புரதத்தின் நடுவிலிருந்து 25 அமினோ அமிலங்களை வெட்டி எறிகிறது. பூட்டுத் திறந்துவிட்டது!

பீட்ரூட்டின் சொந்த இனம்தான் சர்க்கரை பீட். அதன் இலையில் சாதாரணமாக இந்தப் புரதம் தலைகாட்டாது. வைரஸ் வந்தால்தான் சுரக்கும். அதுவும் வளர்ந்த செடியில் மட்டும். சின்னச் செடிக்கு அனுமதி இல்லை!

நம் வயல் வரப்பில் படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டையை மறக்கலாமா? அதன் வேர்ச்சாற்றுக்கு செடி வைரஸ்களைத் தடுக்கும் சக்தி உண்டு என்று 1979இலேயே இந்திய விஞ்ஞானிகள் எழுதிவிட்டார்கள். ஓரிலையில் தெளித்தால் தெளிக்காத இலைக்கும் எதிர்ப்பு வந்துவிடுகிறது!

பாகற்காயைக் கண்டால் முகம் சுளிப்பவரா நீங்கள்? அதன் விதையிலிருந்து 1990இல் நியூயார்க்கில் சில்வியா லீ-ஹுவாங் குழு பிரித்தெடுத்த புரதம் எச்.ஐ.வி.யை ஆய்வுக்கூடத்தில் தடுத்தது! எம்.ஏ.பி. 30 என்று பெயர். குழம்பில் போட்டால் எய்ட்ஸ் குணமாகும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மட்டும் நம்பாதீர்கள்!

பாகலுக்கே இப்படியென்றால் புடலைக்கு? நம் புடலங்காயின் சீனத்து உறவுக்காரச் செடி ஒன்று. கிழங்கில் ட்ரைக்கோசாந்தின். சீனாவில் கருக்கலைப்புக்கு ஊசியாகவே போட்டிருக்கிறார்கள்!

1989இல் அதே புரதம் எச்.ஐ.வி. புகுந்த ரத்த அணுக்களில் வைரஸை அடக்கியது என்று செய்தி வந்தது. அமெரிக்காவில் பரபரப்பு! 'காம்பவுண்ட் க்யூ' என்று செல்லப் பெயர். எய்ட்ஸைக் குணப்படுத்தும் மருந்து அப்போது கிடையாது. அரசின் சோதனை முடியும்வரை காத்திருக்க நோயாளிகள் தயாராக இல்லை. சான் பிரான்சிஸ்கோவின் புராஜெக்ட் இன்ஃபார்ம் அமைப்பு ரகசியமாகத் தானே சோதனை நடத்தியது!

முடிவு? சிலருக்கு மனக்குழப்பம், சிலருக்கு கோமா. மருந்துக் கடை வாசலைக்கூட அது மிதிக்கவில்லை!

இப்போது விளக்கெண்ணெய் வீட்டுக்கு வருவோமா? ரிசினுக்குப் பெயர் வைத்தவர் ஒரு மாணவர்! 1888இல், இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில், பீட்டர் ஹெர்மன் ஸ்டில்மார்க் தன் டாக்டர் பட்ட ஆய்வுக்காக ஆமணக்கு விதையைப் பிழிந்தார். ரத்தத்தில் சேர்த்ததும் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. லெக்டின் என்ற புரத வகையின் வரலாறே அந்தத் தட்டில் தொடங்கியது!

அடுத்து வந்தார் ஜெர்மனியின் பால் எர்லிக். 1891. எலிகளுக்கு ரிசினைத் துளித்துளியாகத் தீனியில் கொடுத்தார். நாளாக ஆக, சாதாரண எலியைக் கொல்லும் அளவைவிடப் பல மடங்கு கொடுத்தாலும் எலி சாகவில்லை!

அந்த எலிக்கு அப்ரின் கொடுத்தார். செத்தது! அப்ரின் பழகிய எலிக்கு ரிசின் கொடுத்தார். அதுவும் செத்தது! ஆமணக்குக்கு ஒரு எதிர்ப்பு, குன்றிமணிக்கு வேறு எதிர்ப்பு. தடுப்பூசி ஏன் ஒரே ஒரு நோயை மட்டும் தடுக்கிறது என்பதற்கு அப்போதே விடை!

இன்னும் முடியவில்லை. எதிர்ப்பு சக்தியுள்ள தாய் எலியிடம் வேறோர் எலியின் குட்டியைப் பால் குடிக்க விட்டார். குட்டிக்கும் எதிர்ப்பு வந்துவிட்டது! தாய்ப்பால் நோய் எதிர்ப்பைக் கொடுக்கிறது என்பதற்குச் சாட்சி சொன்னது நம் ஆமணக்கும் குன்றிமணியும்! எர்லிக் நோபல் பரிசு பெற்றது 1908இல்.

அப்படியென்றால் விளக்கெண்ணெய் குடித்தோமே என்று வயிற்றைப் பிடிக்காதீர்கள். ரிசின் எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு நின்றுவிடும்! நம் பாட்டிமார்கள் முத்தை வேகவைத்து இடித்துக் காய்ச்சினார்களே, அந்தச் சூட்டிலேயே புரதத்தின் கதை முடிந்துவிடும்.

ஆமணக்கு விளைச்சலில் உலகத்திலேயே முதலிடம் யாருக்கு? இந்தியாவுக்கு! அதில் பெரும்பகுதி குஜராத்திலிருந்து!

ரிசின் செல்லுக்குள் போகும் வழி ஒரு துப்பறியும் கதை. செல்லின் உற்பத்திப் பாதையில் எல்லாச் சரக்கும் வெளியே வரும்போது இது மட்டும் எதிர்த்திசையில் உள்ளே போகும். 'நான் பழுதான புரதம், என்னைத் தூக்கி எறியுங்கள்' என்று நடிக்கும். செல்லும் நம்பி, அந்தப் பாதையிலிருந்து குப்பை வழியாக வெளியே தள்ளும். அங்கே இருப்பதுதான் ரைபோசோம்!

குப்பைக்குப் போகும் புரதத்துக்குச் செல் ஒரு முத்திரை குத்தும். முத்திரை ஒட்டுவது லைசின் என்ற அமினோ அமிலத்தில். ரிசினின் கொல்லும் சங்கிலியில் 267 அமினோ அமிலம். லைசின் எத்தனை? இரண்டே இரண்டு! முத்திரை குத்த இடமே இல்லை!

அந்தச் சங்கிலியையும் போக்வீட் புரதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கிட்டத்தட்ட அச்சு அசலாகப் பொருந்தும். அமினோ அமில வரிசையில் ஒற்றுமையோ 30 சதவீதம்கூட இல்லை!

1978, செப்டம்பர் 7. லண்டன் வாட்டர்லூ பாலம். பல்கேரிய எழுத்தாளர் ஜியார்ஜி மார்கோவின் தொடையில் சுருக்கென்று ஒரு வலி. திரும்பினால் ஒருவன் குடையை எடுத்துக்கொண்டிருந்தான். நான்கே நாளில் மார்கோவ் இறந்தார். காலிலிருந்து எடுத்த உலோகக் குண்டின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை!

ரிசின்தான் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அவர் உடம்பில் ரிசின் கிடைக்கவே இல்லை என்பது தெரியுமா? மற்ற விஷங்களை ஒவ்வொன்றாகக் கழித்து, ஒரு பன்றிக்கு ரிசின் ஊசி போட்டு, அறிகுறியை ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வந்தார்கள்! இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை கிடையாது.

அதற்குச் சில நாள் முன்பு பாரிஸில் விளாதிமிர் கோஸ்டோவ் என்ற இன்னொரு பல்கேரியரின் முதுகில் அதே போன்ற குண்டு. அவர் பிழைத்துவிட்டார்!

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே ரிசினைக் கதையில் வைத்துக் கொலை செய்துவிட்டார் அகதா கிறிஸ்டி. புத்தகமாக வந்தது 1929இல்!

அமெரிக்க ராணுவம் ரிசின் தயாரிப்புக்குக் காப்புரிமையே வாங்கியது! விண்ணப்பம் 1952, கிடைத்தது 1962. இன்று ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இயற்கை நச்சுகள் இரண்டே இரண்டு. ஒன்று கடல் நுண்ணுயிரிகள் தரும் சாக்ஸிடாக்சின். இன்னொன்று நம் ஆமணக்கு!

தடுப்பூசியும் தயார் செய்து பார்த்தார்கள். ரிசினின் 267 அமினோ அமிலங்களில் எத்தனையை மாற்றினார்கள்? இரண்டு! விஷம் போய்விட்டது, எதிர்ப்பு சக்தி வந்தது!

ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் துணி துவைக்கப் பயன்பட்ட சோப்புச் செடி ஒன்று உண்டு. அதன் விதைப் புரதம் சாபோரின். தனியாகச் செல்லுக்குள் நுழையத் தெரியாத சாது. அதை ஓர் ஆன்டிபாடியில் ஏற்றி எலியின் மூளைக்கு அனுப்பினால், குறிப்பிட்ட ஒரே வகை நரம்பு செல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொல்லும்! அல்சைமர் மறதி நோயை ஆராய அந்த எலியும் உதவுகிறது.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்காரர்கள் எந்தச் செடியின் கீழே நின்று முத்தமிடுகிறார்கள்? மிசில்டோ என்ற புல்லுருவி. அதிலும் உண்டு, விஸ்குமின்! ரிசினைப் போலவே இரட்டைச் சங்கிலி!

ஆமணக்கின் மரபணுத் தொகுப்பை 2010இல் முழுசாகப் படித்தார்கள். ரிசின் குடும்பத்து மரபணுக்கள் எத்தனை? 28!

அரிசிச் செடி அதைத் தோற்கடித்துவிட்டது. நெல்லில் ரைபோசோம் முடக்கி மரபணுக்கள் 31! உலகத்துத் தாவர விஞ்ஞானிகள் எல்லோரும் விழுந்து விழுந்து ஆராயும் அரபிடாப்சிஸ் செடியில் எத்தனை? பூஜ்யம்!

செடியோடு நின்றதா இது? டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவிலும் ரைபோசோம் முடக்கி மரபணு கண்டுபிடித்திருக்கிறார்கள். யானைக்கால் நோய் பரப்பும் க்யூலெக்ஸ் கொசுவிலும் இருக்கிறது! வேற்று உயிரிடமிருந்து தாவி வந்த மரபணு என்கிறார்கள்.

பழ ஈக்கு அந்த மரபணு இல்லை. அது வேறு வழி பார்த்துக்கொண்டது. சுருள் வடிவ ஸ்பைரோபிளாஸ்மா பாக்டீரியாவைத் தன் உடம்பில் குடிவைத்திருக்கிறது. குளவி வந்து ஈயின் புழுவுக்குள் முட்டையிட்டால், பாக்டீரியா ரைபோசோம் முடக்கியை அவிழ்த்துவிடும். குளவிக் குஞ்சு காலி, ஈ பிழைத்தது. வாடகை கட்டியாயிற்று!

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்! மரவள்ளித் தேமல், தக்காளி இலைச்சுருள் என்று வயல் வயலாக வைரஸைச் சுமந்து திரியும் வெள்ளை ஈ இருக்கிறதே, அதன் மரபணுத் தொகுப்பை 2020இல் துழாவினார்கள். உள்ளே ரைபோசோம் முடக்கி மரபணு! வந்தது எங்கேயிருந்து? செடியிடமிருந்து!